டீசல் வாசம் தாண்டாத வாசல்

வேலை முடிந்து வந்தால் அவர் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போகமாட்டார். பக்கத்துச் சந்தில் நுழைந்து, பின்புறம் இருக்கும் குழாயடிக்குப் போவார். சீருடைச் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டுவார். அந்தச் சட்டைக்காகவே வீட்டுக்கு வெளியே அடித்த ஆணி அது. முழங்கை வரை சோப்பு, பிறகு கழுத்து, பிறகு காதின் பின்புறம். எல்லாம் முடிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். சுண்டுவிரலில் சந்தேகம் தட்டினால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டுவார். உள்ளேயிருந்து அவர் மனைவி முகர்ந்து பார்த்து, "ம்... வாங்க" என்றால்தான் பின்கதவு திறக்கும். சில நாட்கள், "இன்னொரு தடவ" என்று குரல் வரும். மறுபேச்சில்லாமல் குழாயைத் திறப்பார்.

நான் அந்த வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். படிக்கட்டு ஜன்னலிலிருந்து குழாயடி தெரியும். முதலில் ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை, அதற்கான தண்டனை என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது, அவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவர். மனைவிக்கு டீசல் வாசம் ஆகாது. வாசம் மட்டுமல்ல, பஸ்ஸே ஆகாது. கார், வேன் எதுவும் ஆகாது. ஏறி உட்கார்ந்து சற்று நேரம் போனால் குடலைப் புரட்டிவிடும்.

"உப்பு விக்கிறவனக் கட்டிக்கிட்டு உப்பே சேராத உடம்பு எனக்கு," என்பார் அந்த அம்மா.

அவரை 'சார்' என்று நான் கூப்பிட்டதற்குத்தான் முதன்முதலில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சாரா? இந்த மனுஷனையா? மாமான்னு கூப்பிடு, போதும்." அப்படி அவர்கள் எனக்கு மாமாவும் அத்தையும் ஆனார்கள்.

டிப்போவில் மாமாவுக்கு வேறு பெயர்: ரெண்டாம் வளைவு. புதிதாக வந்த கண்டக்டர்களுக்கு அவருடைய உண்மைப் பெயர் தெரியாது. அந்தப் பெயர் வந்த கதையை ஒரு மதியம் இருவரும் சேர்ந்து எனக்குச் சொன்னார்கள்.

"கல்யாணமாகி மறுவாரம். என் பஸ்ஸுல என் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போறேன்னு எனக்கு ஒரே பெரும. கண்டக்டர்கிட்டச் சொல்லி முன் சீட்டு போட்டு வச்சேன். உள்கண்ணாடிய அவ முகம் தெரியிற மாதிரித் திருப்பிக்கிட்டேன்."

"ரோட்டப் பாக்காம என்னயே பாத்தா வளைவு எப்படி வளையும்?" என்றார் அத்தை.

"மொத வளைவுல சிரிச்சா. அப்புறம் பேச்சே இல்ல. இடது காத ரெண்டு வெரலால கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. சரி, தோடு கழண்டுபோச்சு போலன்னு நெனச்சேன். ரெண்டாம் வளைவுல கண்டக்டர் விசில் ஊதுறான், கத்துறான்..."

"அந்தக் கதைய முழுசாச் சொல்லணுமா இப்ப?"

முழுசாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. புதுப்பெண் சாலையோரம் இறங்கி நின்றாள். பஸ் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். ஓட்டியாக வேண்டியவன் அவள் புருஷன். "நீங்க போங்க, எனக்குக் கால் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மலையிறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் அவர் திரும்பி வந்து வாசலிலேயே தயங்கி நின்றபோது, "வண்டி ஒழுங்காப் போச்சா?" என்று மட்டும் கேட்டாளாம். அன்றைக்குத்தான் அந்த ஆணி அடிக்கப்பட்டது.

அதன் பிறகு அவர் விடுமுறை நாட்களில் மற்றவர்கள் ஓட்டும் பஸ்ஸில் பயணியாக ஏறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாராம், எந்த இடத்தில் ஆட்டம் குறைவு என்று. கடைசியில் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: கண்ணை மூடினால் அவருக்கும் குமட்டுகிறது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர்களுடைய மகள் கல்யாணமாகி மலைக்கு அந்தப்புறம் இருக்கும் நகரத்தில் குடியேறும் வரை. அத்தை மகளின் வீட்டைப் பார்த்ததில்லை. பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு மகள் கருவுற்றிருந்தாள். படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒருநாள் கிளம்பினார். பாதி மலைகூடத் தாண்டவில்லை. வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைன் ஏற்றி, இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. இனிமேல் இந்த முயற்சியே வேண்டாம் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் மாமாவின் வண்டியை டிப்போ ஆட்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒருவரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வீடியோ அழைப்பில் மகள் தன் வீட்டைக் காட்டுவாள். சமையலறை, படுக்கையறை, துணி காயும் பால்கனி. அத்தைக்கு எல்லா அறைகளும் தெரியும். ஆனால் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போவது என்று தெரியாது. "போன அணைக்காம அப்படியே நடந்து காட்டு" என்பார். மகள் நடந்தால் படம் ஆடும். அத்தை இடது காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மகள் நின்ற பிறகு திறந்தால் வேறு அறை வந்திருக்கும்.

"உன் வீட்டுல கதவே இல்லடி," என்பார் அத்தை. "ஒரு ரூமுல மறையிற, இன்னொரு ரூமுல மொளைக்கிற."

அந்தச் சமயத்தில்தான் புதிய ரயில் பாதை பற்றிய பேச்சு வந்தது. எங்கள் ஊரையும் அந்த நகரத்தையும் இணைக்கும் பாதை. மலையைச் சுற்றாமல், மலைக்கு அடியில் சுரங்கம் வழியாக நேராகப் போகும். பணி தொடங்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதற்காக ஊர் மண்டபத்தில் கண்காட்சியும் கூட்டமும் ஏற்பாடாயின. அங்கே தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. வரைபடப் பலகைகளை நிறுத்துவது, நாற்காலி போடுவது, பேசுகிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது. நான் பேச வேண்டியதில்லை என்பதால் வேலை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் நாளே விளக்கப் பிரசுரம் ஒன்றை அத்தையிடம் கொடுத்தேன். பயண நேரம், புகை குறையும், வேலைவாய்ப்பு என்று வண்ணப் படங்களோடு இருந்தது. அத்தை எல்லாவற்றையும் தாண்டிப்போய், "அதிர்வு மிகக் குறைவு" என்ற வரியில் விரலை வைத்தார்.

"வளையாமப் போகுமா?"

"சுரங்கத்துல நேராத்தான் போகும் அத்தை. டீசலும் கிடையாது. கரண்ட்டு."

"எப்ப வரும்?"

சொல்லத் தயங்கினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏழெட்டு வருடம் ஆகும். சொன்னேன். அத்தை முகம் வாடவில்லை. "பேரப்புள்ள பள்ளிக்கூடத்துல ஆண்டு விழான்னு கூப்பிடும்ல? அதுக்கு வந்துடும்," என்றார். பிரசுரத்தைச் சமையலறையில் நாள்காட்டிக்குப் பின்னால் செருகிவைத்தார்.

டிப்போவில் நிலைமை வேறு. ரயில் வந்தால் மலைப்பாதை பஸ்கள் குறையும் என்பது பிரசுரத்திலேயே ஒரு மூலையில் இருந்தது. சங்கம் கூடி, திட்டத்தை எதிர்ப்பது என்று முடிவெடுத்தது. கூட்டத்தில் பேச மூத்த டிரைவர் ஒருவர் வேண்டும், ஊரே மதிக்கும் ஆளாக. அதைச் சொல்ல சங்கச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். அவரும் டிரைவர்தான், குரலுக்காக 'ஹாரன்' என்று பெயர். சீருடையோடு வந்ததால் குழாயைத் தாண்டி வரவில்லை. வீட்டுச் சட்டம் டிப்போ முழுவதற்கும் தெரியும்.

"அண்ணே, நான் பேசுனா சங்கத்துக்காரன் கத்துறான்னு சொல்லுவானுங்க. நீங்க பேசுனா ஊரு கேக்கும். ட்ரெயின் வேணாம், அவ்வளவுதான். நாலு வரி."

"நாலு வரின்னா நீயே பேசலாமேடா."

"எனக்கு நாலு வரியில நிறுத்தத் தெரியாதுண்ணே!"

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அத்தை அவருக்குத் தேநீர் நீட்டினார். ஹாரன் கையை நீளமாக நீட்டி, மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கினார், வாசம் தன் மூச்சில் இருப்பதுபோல. மாமா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஹாரன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் படியேறப் போனபோது மாமா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை ஆணியில் இருந்தது. கை இன்னும் ஈரமாக இருந்தது.

"வேணாம்னு சொல்ல என்னால முடியாது தம்பி," என்றார். "வேணும்னுதான் சொல்லப் போறேன். அவ ஒரு தடவயாவது அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கணும். ஆனா அதச் சொன்னதும் நம்ம பசங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என் வண்டிய ஓட்டினவனுங்க."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தலைக்கு மேலே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை மண்டபத்தில் கூட்டம் அதிகம். எல்லோரும் முதலில் போய் நின்றது மாதிரிப் பெட்டியின் முன்னால். உண்மையான ரயில் பெட்டியின் ஒரு துண்டு போலச் செய்திருந்தார்கள். இரண்டு இருக்கைகள், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. உட்கார்ந்தால் திரையில் வயல்கள் பின்னால் போகும், தரை மெல்ல அதிரும், சுரங்கம் வந்ததும் இருட்டும். பிள்ளைகள் திரும்பத் திரும்ப வரிசையில் நின்றார்கள்.

அத்தை நடந்தே வந்திருந்தார். நல்ல உடுப்பு, அழுத்தி வாரிய தலை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஏறி உட்கார்ந்து, கைகளை மடியில் கோர்த்துக்கொண்டார். வயல்கள் நகர்ந்தன. சுரங்கம் வந்து போனது. அத்தை கண்களை மூடியிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; ஒரு நிமிடம் அவர் தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது. பிறகு திடீரென்று,

"ஐயோ! நிறுத்துங்க, நிறுத்துங்க! தல சுத்துது!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்து இறக்கி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். திட்ட அதிகாரி அம்மா தண்ணீரோடு ஓடி வந்தார். "எல்லாருக்கும் பிடிச்சிருந்ததே," என்று திகைப்போடு சொன்னார். அந்தக் கோடியிலிருந்து மாமா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு இதுவும் ஆகலங்க," என்றார் அத்தை, அடுத்த வரிசைக்கும் கேட்கும்படி. "ட்ரெயினும் எனக்கு ஒத்துக்காது. எனக்காக ஒண்ணும் யோசிக்காதீங்க. நீங்க உங்க ஆளுங்களுக்காகப் பேசுங்க."

மாமா அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி," என்றார். "தண்ணிய மெதுவாக் குடி."

கூட்டம் தொடங்கியது. ஒரு கடைக்காரர் ஸ்டேஷன் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்றார். ஒரு விவசாயி தன் நிலத்தில் தூண் வரக் கூடாது என்றார். பிறகு மாமாவின் முறை. மைக்கை அவரிடம் கொடுத்தேன். பின்னால் ஹாரனும் டிரைவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னய இங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்கு, நான்தான் ரெண்டாம் வளைவு."

சிரிப்பு எழுந்தது.

"ட்ரெயின் வந்தா மலையில பஸ்ஸக் கொறப்பாங்க. நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன். ஆனா பின்னாடி நிக்குறானுங்களே, இவனுங்க புள்ளைங்க இன்னும் படிச்சே முடிக்கல. ஸ்டேஷன்லருந்து ஊருக்குள்ள வரப் போக வண்டி வேணுமா இல்லயா? அத இவனுங்கதான் ஓட்டணும். வேற யாரயும் கூட்டிட்டு வரக் கூடாது. அத எழுதிக்குங்கம்மா."

கைதட்டல். ஹாரனுடைய கைதட்டல் தனியாகக் கேட்டது. மைக்கை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இன்னொண்ணு. எங்க தலைக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கும். பின்னாடி உக்காந்திருக்கவங்க மூஞ்சி எல்லாம் தெரியும். அதப் பாத்துப் பாத்து, இந்த ஊரு பூரா என் வண்டியிலதான் போகுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏறுனவங்கதான அதுல தெரிவாங்க? ஏற முடியாதவங்க எப்படித் தெரிவாங்க? இடுப்பு ஒடிஞ்சு கெடக்குறவங்க, வயித்துப் புள்ளக்காரிங்க, வளைவுன்னாலே பயந்து வீட்டோட இருக்குறவங்க. அவங்களும் இந்த ஊருதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அதனால, ட்ரெயின் வரட்டும்."

"அண்ணே!" என்றார் ஹாரன். அந்தக் குரலில் கோபத்தைவிட அடிபட்ட வலிதான் அதிகம்.

"யாரு பக்கம்யா நீ?" என்று ஒருவர் கத்தினார். "ரெண்டாம் வளைவுலயே இறக்கி விட்டிருக்கணும் இந்த ஆள!"

"இறக்கி விடுப்பா," என்றார் மாமா. "எங்க வீட்டுல இறங்கி நடந்து பழக்கந்தான்."

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். டிரைவர்கள் சிரிக்கவில்லை. ஹாரன் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்; மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

வீட்டுக்கு அவர்கள் இருவரும் நடந்து போனார்கள். பலகைகளை மூட்டை கட்டிவிட்டு நானும் பின்னால் போனேன். பஸ் வரும் பக்கமாக மாமா நடந்தார், புகைக்கும் அத்தைக்கும் நடுவில்.

"எனக்குத்தான் ஆகலன்னு சொன்னேன்ல? அப்புறம் யாருக்காகப் பேசுனீங்க?"

"ஊருக்காக."

"ஊருக்காகவாம்! வீட்டுக்கு ஒரு பல்ப் மாத்த வாரம் ஒண்ணாகுது, இவரு ஊருக்காகப் பேசுறாரு!"

அத்தை கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் முகத்தைத் துடைத்துக்கொள்வது பின்னாலிருந்து தெரிந்தது.

டிப்போ அவரை மன்னிக்கவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகும். எதிரே வரும் பஸ்கள் வளைவில் அவருக்கு வழி விடும், விளக்கைச் சிமிட்டாது. மலைப்பாதையில் அது முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சமம். அவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் மட்டும் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

குழந்தை பிறந்தது. பெண். அத்தை போனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஆட்டாம காட்டுடி, ஆட்டாம காட்டு" என்றார். தூங்கும் முகம் திரையில் அசையாமல் நின்றது. அத்தை கண்ணை மூடவே இல்லை.

மாமா ஓய்வு பெற்ற அன்று அவரை வீடு வரை வழியனுப்ப யாரும் வரவில்லை. கடைசியாக ஒருமுறை சட்டையைத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டு, கையை ஜன்னலில் முகரக் கொடுத்து, உள்ளே போனார். நான் படிக்கட்டு ஜன்னலில் இருந்தேன். சற்றுப் பொறுத்துச் சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஹாரன். சீருடையில் வந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதே ஆணியில் மாமாவின் சட்டைமேல் மாட்டினார். முழங்கை வரை சோப்புப் போட்டார். கழுத்து. காதின் பின்புறம். பிறகு ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினார்.

உள்ளே வளையல் சத்தம் ஜன்னல் வரை வந்தது.

"இன்னொரு தடவ," என்றது அத்தையின் குரல்.

ஹாரன் மறுபேச்சில்லாமல் குழாயைத் திறந்தார். இரண்டாவது முறை கதவும் திறந்தது. அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து வந்த ஹாரனின் குரலைத் தெருமுனையிலிருந்தே கேட்டிருக்கலாம்.

மலையடிவாரத்தில் இப்போது சிவப்புச் சாயம் பூசிய கம்புகள் நட்டிருக்கிறார்கள். சுரங்கம் உண்டு என்று முடிவாகிவிட்டது. ஸ்டேஷன் வண்டிகளை மலைப்பாதை டிரைவர்களே ஓட்டுவது என்பதும் அறிக்கையில் இருக்கிறது. தண்டவாளம் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அத்தை சாயங்கால நடையை அந்தக் கம்புகள் வரை நீட்டிக்கொண்டிருக்கிறார். கூடவே மாமாவும்.

எனக்கு மலைக்கு அந்தப்புறம் வேலை கிடைத்தது. கிளம்பும்போது அத்தை தைத்த குழந்தைச் சட்டைகளை என்னிடம் கொடுத்தனுப்பினார். மகளின் வீட்டுக்குப் போனேன். சமையலறையிலிருந்து நேராகப் பால்கனி, வலப்புறம் படுக்கையறை. அத்தையிடம் சொல்வதற்காக வாசல்களை மனதில் குறித்துக்கொண்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகள் சிரித்தாள்.

"அம்மா அந்த ரயில் பெட்டியில நடிச்ச கத தெரியுமா தம்பி உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"நீங்களும் அப்பாவும் முந்துன நாள் படியில பேசினதக் கேட்டுருக்கா. தனக்காக அப்பா எல்லாரையும் பகைச்சுக்கக் கூடாதுன்னு, தல சுத்துதுன்னு ஒரு பொய். 'தொட்டில் மாதிரி இருந்துச்சுடி, எறங்கவே மனசு வரல'ன்னு என்கிட்ட ரகசியமாச் சொன்னா. அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"அதத்தான் சொல்ல வர்றேன். அடுத்த வாரம் அப்பா வந்திருந்தாரு. நான் வாயே திறக்கல. அவரே சொன்னாரு, அம்மாகிட்ட சொல்லிடாதன்னு. 'நெசமா கொமட்டல் வந்தா உங்கம்மாவுக்குச் சத்தம் வராது. அன்னிக்கி அப்படிக் கத்துறா, கை ரெண்டும் மடியிலயே இருக்கு. அவ காதத் தொடவே இல்லம்மா'ன்னாரு."